லாபம் எப்படி வந்தது என்று கேட்கப் பழக்குவோம்: நிறுவனங்களின் சமூகப் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் பள்ளியில் நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்று பள்ளியில் பேச்செடுத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான். மரக்கன்று நடும் படம் ஒட்டிய ஒரு சார்ட், மருத்துவ முகாம் பற்றி ஒரு பத்தி, பூமியைக் காப்போம் என்று ஒரு முழக்கம், கடைசியில் கைதட்டல். நன்கொடை கொடுக்கிற நிறுவனம் நல்ல நிறுவனம் என்பது மட்டும் பிள்ளைகள் மனதில் பதிந்துவிடும். அந்த நன்கொடைப் பணம் எங்கிருந்து வந்தது, அதைச் சம்பாதிக்கும்போது யாருடைய தண்ணீர் கெட்டது, யாருடைய கூலி குறைந்தது என்ற கேள்வி எழவே எழாது.

இந்த வழிகாட்டி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது. லாபத்தில் ஒரு துண்டை நிறுவனம் யாருக்குக் கொடுக்கிறது என்று பார்ப்பது எளிது. படத்தோடு செய்தி வந்துவிடும். லாபம் எப்படி வந்தது என்று பார்ப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தப் பயிற்சிக்கானவை.

பத்துப் பாடவேளை கிடைத்தால் நிதானமாக நடத்தலாம். ஆறுதான் கிடைக்கும் என்றால் 3, 4, 6, 7 ஆகிய படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 11 வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு மூன்றாம் படியின் விளையாட்டும் நான்காம் படியின் பாதியும் போதும்.

படி 1: முதலில் ஆசிரியர் தெளிவாகிக்கொள்வது

வகுப்புக்குப் போகும் முன் நான்கைந்து விஷயங்கள் கையில் இருந்தால் போதும். புத்தகம் புத்தகமாகப் படிக்கத் தேவையில்லை.

நிலைத்தன்மை பற்றி இன்று எல்லோரும் சொல்லும் விளக்கம் 1987-இல் வந்தது. நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தந்தது. இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும்போது, வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். 'தேவை' என்றுதான் அதில் இருக்கிறது, 'ஆசை' என்று இல்லை. எது தேவை என்று யார் முடிவு செய்வது என்ற சண்டை வகுப்பில் வரும். வரட்டும்.

நிறுவனத்தின் பொறுப்பு பற்றிய விவாதத்தில் இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் நல்லது. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சட்டத்துக்கும் சமூக ஒழுக்கத்துக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று வாதிட்டார். மேலாளர் தன் விருப்பப்படி நல்லது செய்தால், அவர் செலவழிப்பது பங்குதாரர்களின் பணம். அந்த உரிமையை மேலாளருக்கு யார் கொடுத்தது என்பது ஃப்ரீட்மனின் கேள்வி. இன்னொருவர் மேலாண்மைப் பேராசிரியர் ஆர்ச்சி கேரல். 1991-இல் அவர் பொறுப்பை நான்கு அடுக்கு கொண்ட பிரமிடாக வரைந்தார்: அடியில் பொருளாதாரப் பொறுப்பு, அதன்மேல் சட்டம், அதன்மேல் அறம், உச்சியில் கொடை. நன்கொடை உச்சியில் சின்னதாக இருக்கிறது என்பதைப் படத்தில் காட்டினாலே பாதிப் பாடம் முடிந்தது.

ஐ.நா.வின் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகள் 2015-இல் ஏற்கப்பட்டவை, 2030 வரைக்குமானவை. பதினேழையும் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. நம் பாடத்துக்கு நேரடியாக வேண்டியவை மூன்று: 6 தண்ணீர், 8 கண்ணியமான வேலை, 12 பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும்.

படி 2: வகுப்புக்கு முன் செய்யவேண்டிய சில்லறை வேலைகள்

பொத்தான்கள் அல்லது ஒரே அளவு அட்டைத் துண்டுகள் 50. துண்டுச் சீட்டுகள். ஒரு பழைய டி-சட்டை. பிளாஸ்டிக் பாட்டில், டப்பா என ஏழெட்டுப் பொருள்கள். விளம்பரங்களும் பொட்டலங்களும் கொஞ்சம், முடிந்தால் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலிருந்து நிலைத்தன்மைப் பகுதி நான்கு பக்கம். அளவுக் குவளை ஒன்று, எடை பார்க்கத் தராசு ஒன்று.

நிறுவனங்கள் பள்ளிகளுக்கு இலவசமாகத் தரும் பாடக் கையேடுகள், வீடியோக்கள் எல்லாம் நிறைய உண்டு. நன்றாகவே அச்சிட்டிருப்பார்கள். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், பாடமாகவும் நடத்த வேண்டாம். ஆறாம் படியில் ஆராய்ச்சிப் பொருளாக மேசை மேல் வையுங்கள்.

இன்னொன்றையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யாராவது ஒருவருடைய அப்பாவோ அம்மாவோ நீங்கள் பேசப்போகும் தொழிலில் வேலை பார்ப்பவராக இருக்கலாம். "இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கெட்டவர்கள்" என்ற தொனி வந்துவிட்டால் அந்தப் பிள்ளை அன்றோடு வாயை மூடிக்கொள்ளும். முடிவுகளை எடுத்தது யார், அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தது யார் என்று பிரித்துப் பேசும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவாருங்கள்.

படி 3: குளத்து விளையாட்டு

விளக்கவுரை எதுவும் சொல்லாமல் நேராக விளையாட்டுக்குப் போய்விடுங்கள். முழுப் பாடத்திலும் மாணவர்கள் மறக்காமல் வைத்துக்கொள்வது இதைத்தான்.

வகுப்பை ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். நடுவில் ஒரு தட்டில் 50 பொத்தான்கள்: அதுதான் குளம், அவைதான் மீன்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குழுவும் எத்தனை மீன் வேண்டும் என்று சீட்டில் எழுதி மடித்துத் தர வேண்டும். குறைந்தது 3, அதிகபட்சம் 8. பேசக் கூடாது. சீட்டுகளைப் பிரித்து அத்தனையையும் எடுத்துக் கொடுங்கள். மீதி இருப்பவை இரட்டிப்பாகும், ஆனால் 50-க்கு மேல் குளம் தாங்காது. கேட்டதைவிடக் குறைவாக மீன் இருந்தால் இருப்பதைச் சமமாகப் பிரித்துவிடுங்கள்.

கணக்கு எளிது. எல்லோரும் 5 எடுத்தால் 25 மிஞ்சும், அது மறுபடி 50 ஆகும்; இப்படி எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓடலாம். எல்லோரும் 8 எடுத்தால் 10 மிஞ்சும், அது 20 ஆகும், அடுத்த சுற்றில் குளம் காலி. இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்றில் குளம் வற்றிவிடும். "அவங்க எட்டு எடுத்தாங்க, அதான் நாங்களும் எடுத்தோம்" என்ற குரல் கட்டாயம் வரும். அந்த வாக்கியத்தைப் பலகையில் அப்படியே எழுதிவையுங்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் பேச அனுமதியுங்கள். விதி போடலாம், அபராதம் போடலாம், கண்காணிக்கலாம். எல்லாம் அவர்கள் பாடு. பெரும்பாலும் குளம் பிழைத்துக்கொள்ளும். பொதுவான வளத்தை மக்கள் பாழாக்கியே தீர்வார்கள் என்ற எண்ணம் 1968-இல் சூழலியலாளர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாக இருந்தது. மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடிப் பகுதி என்று உலகெங்கும் மக்கள் தாங்களே விதி வகுத்துக் காப்பாற்றிய இடங்களை ஆராய்ந்து, அது அப்படி நடந்தே தீர வேண்டியதில்லை என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். விளையாட்டு முடிந்த கையோடு இதைச் சொன்னால் அப்படியே பதியும்.

மூன்றாம் ஆட்டம்தான் நம் பாடத்தின் வாசல். இப்போது ஒரு குழு மட்டும் நிறுவனம். அதற்குப் பெரிய படகு உண்டு: ஒரு சுற்றில் 20 வரை எடுக்கலாம், மீன் போதாவிட்டால் முதலில் எடுப்பதும் அதுதான். மற்ற நான்கு குழுக்களுக்கும் பழைய விதி. நிறுவனக் குழுவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவையுங்கள்: 20 எடுங்கள், எடுத்ததும் மற்ற குழுக்களுக்கு ஆளுக்கு ஒரு மீன் நன்கொடையாகக் கொடுங்கள், கொடுக்கும்போது சத்தமாக அறிவித்துவிட்டுக் கொடுங்கள்.

முதல் சுற்றில் நிறுவனம் 20, மற்றவர்கள் ஐந்தைந்து எடுத்தால் 10 மிஞ்சும். அது 20 ஆகும். அடுத்த சுற்றில் பெரிய படகு அத்தனையையும் வாரிக்கொள்ளும். நன்கொடையோ நான்கு மீன், அதாவது பிடித்ததில் ஐந்தில் ஒரு பங்கு. நிஜ உலகில் அபூர்வமான தாராளம்! ஆனாலும் வகுப்பு கொதிக்கும். "எங்க மீனையே எடுத்து எங்களுக்கே தர்றாங்க" என்பார்கள்.

அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: நிறுவனம் ஏதாவது விதியை மீறியதா? இல்லை. பிறகு என்ன தப்பு? நன்கொடையை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடுமா? அந்த நான்கு மீனையும் கொடுக்காமல் முதலிலேயே 5 மட்டும் எடுத்திருந்தால்? கடைசியாக நிறுவனக் குழுவிடம் கேளுங்கள்: நீங்கள் 5 எடுத்திருந்தால் படகு வாங்கிய கடனை எப்படி அடைப்பீர்கள்? இந்தக் கேள்வியைத் தவறவிட வேண்டாம். நிறுவனத்தின் பக்கம் இருந்து யோசிக்காத விவாதம் பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும், பயன் இருக்காது.

படி 4: ஒரு சட்டையின் பின்னால் போவது

டி-சட்டையை மேசை மேல் போடுங்கள். இது இங்கே வந்து சேரும்வரை யார் யார் கை பட்டது என்று கேட்டு, சொல்வதையெல்லாம் பலகையில் வரிசையாக எழுதுங்கள். பருத்தி வயல், விதை பிரிப்பது, நூற்பு, நெசவு, சாயம், தையல், கப்பல், கடை, வீட்டில் துவைப்பது, கடைசியில் குப்பை. முதலில் கடையும் தையலும் மட்டும்தான் சொல்வார்கள். சாயத்தைச் சொல்ல யாருக்காவது கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே மூன்று வரி: என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது, யார் வேலை செய்கிறார்கள். இங்கே இரண்டு தகவல் கொடுக்கலாம். சுமார் 250 கிராம் எடையுள்ள ஒரு பருத்திச் சட்டைக்கு உலகச் சராசரியாக ஏறக்குறைய 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அதில் பெரும்பகுதி வயலிலேயே. அடுத்தது ஏரல் கடல். மத்திய ஆசியாவில் இருக்கும் இது ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960-கள் முதல் அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகளின் நீரைப் பெரும்பாலும் பருத்திப் பாசனத்துக்காகத் திருப்பிவிட்டார்கள், ஏரி பெரும்பகுதி வறண்டுபோனது. மணலில் நிற்கும் துருப்பிடித்த கப்பல்களின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஏரல் கடலை வறளவிட்டது தனியார் நிறுவனம் இல்லை, சோவியத் அரசின் திட்டம். லாபம் என்ற ஒன்று இல்லாத இடத்திலும் இது நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவதுதான் நேர்மை.

மூத்த மாணவர்களுக்கு இங்கே இன்னொரு கருவி கொடுக்கலாம். பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களின் கணக்கில் நிறுவனங்கள் மூன்று வட்டம் போடுகின்றன. முதல் வட்டம், தன் ஆலையிலும் வண்டியிலும் தானே எரித்த எரிபொருள். இரண்டாவது, விலைக்கு வாங்கிய மின்சாரத்தை உற்பத்தி செய்யும்போது வந்த புகை. மூன்றாவது மற்ற எல்லாம்: மூலப்பொருள், போக்குவரத்து, வாங்கியவர் பயன்படுத்துவது, தூக்கிப்போடுவது. சட்டையின் சங்கிலியில் துணிக்கடை நிறுவனத்துக்கு எது எந்த வட்டம் என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய பலகை முழுவதும் மூன்றாம் வட்டத்தின் நிறமாகிவிடும். "எங்கள் கடைகள் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்குகின்றன" என்ற விளம்பரம் அந்தப் பலகையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

படி 5: நடந்த கதைகள்

மூன்று கதைகள் போதும். ஒன்றை விரிவாக, மற்ற இரண்டைச் சுருக்கமாக.

விரிவாகச் சொல்லவேண்டியது ராணா பிளாசா. டாக்காவுக்கு அருகே சவாரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும், மேலே வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்த ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள். 2013 ஏப்ரல் 23-ஆம் தேதி சுவர்களில் விரிசல் தெரிந்தது. வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்கள் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொல்லப்பட்டார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள்.

எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடாதீர்கள். ஒரே கட்டடம், ஒரே விரிசல்; ஒருவருக்கு விடுமுறை, இன்னொருவருக்கு வேலை. ஏன்? மாணவர்கள் யோசிக்கட்டும். ஆர்டரைக் குறித்த தேதிக்குள் அனுப்பாவிட்டால் தொழிற்சாலைக்கு நஷ்டம். அந்தத் தேதியையும் விலையையும் வைத்தது வேறு நாட்டில் இருக்கும் வாங்கும் நிறுவனம். சம்பளம் போய்விடும் என்ற பயம் தொழிலாளிக்கு. மாடிமேல் மாடி எழுப்பியவர் ஒருவர், அதைக் கண்டுகொள்ளாத அதிகாரிகள் சிலர். அங்கே இருந்த சில தொழிற்சாலைகள் அதற்கு முன்பே தொழிலாளர் நலத் தணிக்கைக்கு உட்பட்டவை. அந்தத் தணிக்கைகள் கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கவில்லை. தணிக்கை முடிந்தது என்ற ஒற்றை வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் தீ, கட்டடப் பாதுகாப்பு பற்றிய ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வழக்கமான வாக்குறுதிகளைப் போலில்லாமல் அது சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. நாளடைவில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. உறுதிமொழிக்கும் ஒப்பந்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மாணவர்கள் இங்கேதான் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது ஃபோக்ஸ்வாகன். 2015 செப்டம்பரில், அந்த நிறுவனத்தின் டீசல் கார்களில் சோதனை நடப்பதைக் கண்டுபிடித்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருள் இருந்தது அமெரிக்காவில் அம்பலமானது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். இதில் வகுப்புக்கு உதவும் செய்தி வேறு: அது அம்பலமாவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் ஒரு சர்வதேச நிலைத்தன்மைக் குறியீடு அதைக் கார் துறையின் முன்னணி நிறுவனமாகத் தேர்ந்தெடுத்திருந்தது. பிறகு நீக்கிவிட்டார்கள்.

மூன்றாவது, மாறிய ஒரு நிறுவனம். தரைவிரிப்பு செய்யும் இன்டர்ஃபேஸ் நிறுவனத்தின் நிறுவனர் ரே ஆண்டர்சன் 1994-இல், பெட்ரோலியத்தை நம்பியிருந்த தன் தொழிலையே மாற்றப்போவதாக அறிவித்தார். சுற்றுச்சூழலுக்குச் செய்யும் கேட்டை 2020-க்குள் பூஜ்ஜியமாக்குவது என்பது இலக்கு. தேய்ந்த துண்டை மட்டும் மாற்றும் சதுர விரிப்புகள், பழைய மீன்வலையிலிருந்து நைலான் என்று உற்பத்தி முறையிலேயே கைவைத்தார்கள். இலக்கை எட்டிவிட்டதாக 2019-இல் அறிவித்தது நிறுவனம். அறிவித்தது நிறுவனம்தான் என்பதையும் மாணவர்களே கவனித்துச் சொல்கிறார்களா என்று பாருங்கள். வில்லன் கதைகள் மட்டும் கேட்டால் பிள்ளைகள் எல்லாமே ஏமாற்று என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். அந்த மனநிலை சோம்பலுக்கு நல்ல சாக்கு.

இந்தப் படியின் முடிவில் ஒரு பட்டிமன்றம் வைக்கலாம்: 'சமூகப் பொறுப்பைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும்.' இந்தியா 2013-இல் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் இதைச் செய்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிதான நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். ஒரு பக்கம் ஃப்ரீட்மனின் வாதத்தை எடுக்கட்டும், இன்னொரு பக்கம் இந்தச் சட்டத்தை எடுக்கட்டும். குளத்து விளையாட்டு நினைவில் இருக்கும் யாராவது, "2 சதவீதம் சரி, மீதி 98 சதவீதம் எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டால் அந்த வகுப்பு தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: விளம்பரத்தையும் அறிக்கையையும் வாசிப்பது

நான் அதிக நேரம் ஒதுக்குவது இதற்குத்தான். வாழ்நாள் முழுக்கப் பயன்படும் திறமை.

பிளாஸ்டிக் பொருள்களில் தொடங்குங்கள். அடியில் அம்புகள் சுற்றிவரும் முக்கோணம், அதற்குள் 1 முதல் 7 வரை ஓர் எண். இதன் பொருள் என்ன என்று கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் 'மறுசுழற்சி செய்யலாம்' என்பார்கள். அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே சொல்கிறது. 1988-இல் பிளாஸ்டிக் துறை கொண்டுவந்த குறி அது. 7 என்பது 'மற்றவை'. பல வகைகள் அதில் அடங்கும், மறுசுழற்சி செய்வது கடினம். 1 என்றால் குடிநீர் பாட்டில் வகை, பல இடங்களில் மறுசுழற்சிக்குப் போகிறது. ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் வகுப்பு அமர்க்களப்படும். தேடிப் பிடிப்பதற்குள் பாதிப் பேர் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பார்கள், காலி டப்பாவாகவே கொண்டுபோங்கள்.

அடுத்து எண்கள். பலகையில் இப்படி எழுதுங்கள்: "எங்கள் பொருளின் கார்பன் உமிழ்வை 20 சதவீதம் குறைத்துவிட்டோம்." பிறகு கணக்குப் போடச் சொல்லுங்கள். போன ஆண்டு 1,000 பொருள்கள், ஒன்றுக்கு 10 கிலோ உமிழ்வு. மொத்தம் 10,000 கிலோ. இந்த ஆண்டு 1,500 பொருள்கள், ஒன்றுக்கு 8 கிலோ. மொத்தம் 12,000 கிலோ. வாக்கியம் உண்மைதான். வளிமண்டலத்துக்குப் போனது 20 சதவீதம் கூடியிருக்கிறது. பொய் சொல்லாமலேயே ஏமாற்ற முடியும் என்பதை இந்தக் கணக்கு இரண்டே நிமிடத்தில் காட்டிவிடும். கணித ஆசிரியரிடம் சொன்னால் சதவீதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொள்வார்.

இப்போது நீங்கள் சேர்த்துவைத்த விளம்பரங்கள், பொட்டலங்கள், அறிக்கைப் பக்கங்கள், இலவசக் கையேடுகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒன்று. ஒவ்வொரு கூற்றுக்கும் நான்கு கேள்வி கேட்க வேண்டும். எதோடு ஒப்பிட்டால் குறைவு? எந்த ஆண்டிலிருந்து? தொழிலின் பெரிய பகுதியைப் பற்றியா, சின்ன மூலையைப் பற்றியா? சொந்தமாகச் சொல்கிறார்களா, வெளியாள் சரிபார்த்தாரா? 'இயற்கையானது', 'பூமிக்கு உகந்தது', 'விழிப்புணர்வோடு தயாரிக்கப்பட்டது' போன்ற சொற்களுக்குச் சிவப்பு அடிக்கோடு, எண்ணும் ஆண்டும் உள்ள வாக்கியங்களுக்குப் பச்சை. தாள் எந்த நிறமாகிறது என்று பார்க்கலாம். பச்சை அதிகம் வரும் அறிக்கைகளும் உண்டு. இலக்கை எட்டவில்லை என்று தானே எழுதிக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் வகுப்பில் கட்டாயம் காட்டுங்கள்.

இதே நேரத்தில் தனிமனிதக் கார்பன் தடம், அதாவது ஒருவருடைய அன்றாட வாழ்க்கையால் காற்றில் சேரும் கார்பனின் அளவு, பற்றியும் இரண்டு வார்த்தை. உங்கள் தடத்தைக் கணக்கிடுங்கள் என்ற பேச்சு 2000-களில் இவ்வளவு பரவியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. கணக்கிடுவது தவறில்லை, ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பூமியின் வெப்பத்துக்கு நீதான் காரணம் என்ற எண்ணத்தை ஏற்றிவிட்டு அனுப்புவது அநியாயம். பயந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரால் எவ்வளவு மாற்ற முடியும் என்று அளவோடு பேசுங்கள். அடுத்த படி அதற்கும் உதவும்.

படி 7: பள்ளியையே தணிக்கை செய்வது

பள்ளியும் ஒரு நிறுவனம்தான். பொருள் வாங்குகிறது, ஆள் வைத்திருக்கிறது, தண்ணீரும் மின்சாரமும் செலவழிக்கிறது, குப்பை போடுகிறது. தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

தண்ணீர்க் குழு ஒழுகும் குழாய்களைத் தேடட்டும். ஒழுகும் குழாயின் கீழ் அளவுக் குவளையைச் சரியாக 10 நிமிடம் வைக்க வேண்டும். வந்த அளவை 144-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு. 50 மில்லிலிட்டர் வந்தால் நாளுக்கு 7.2 லிட்டர், 30 நாளில் 216 லிட்டர். ஒரே குழாய். இப்படி நாலைந்து குழாய் இருந்துவிட்டால் மாணவர்களே வாய் பிளப்பார்கள். 10 நிமிடம் பொறுமையாக நிற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். அருகில் விளையாடிக்கொண்டே குவளையைத் தட்டிவிடுவார்கள், இரண்டு முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

குப்பைக் குழு ஒரு வாரம் தினமும் காகிதம், பிளாஸ்டிக், உணவு மிச்சம் என்று பிரித்து எடை பார்க்கட்டும், கையுறையோடு. மின்சாரக் குழு ஆளில்லாத அறைகளில் ஓடும் விளக்கு, விசிறி.

நான்காவது குழுவைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்: மனிதர்கள் பற்றிய குழு. துப்புரவுப் பணியாளர் பள்ளியின் ஊழியரா, ஒப்பந்தக்காரரின் ஆளா? உட்கார இடம் இருக்கிறதா? கையுறையும் காலணியும் யார் வாங்கித் தருகிறார்கள்? சீருடை எங்கே தைக்கப்படுகிறது? சம்பளம் எவ்வளவு என்று பிள்ளைகள் நேரில் கேட்கக் கூடாது, அது மரியாதைக் குறைவு. யார் சொன்னது என்று பெயர் எழுதவும் கூடாது. குப்பையை அளந்துவிட்டு அதை அள்ளுபவரை மறந்துவிட்டால், நாம் குறைசொன்ன நிறுவன அறிக்கைக்கும் நம் அறிக்கைக்கும் என்ன வித்தியாசம்?

முடிவை நிர்வாகத்துக்கு ஒரே பக்கமாக எழுத வைக்கவேண்டும். ஒரு பிரச்சினை, அதன் எண், ஒரு கோரிக்கை, அதற்கு ஆகும் செலவு, எப்போது மறுபடி அளப்போம். பத்துக் கோரிக்கை வைத்தால் பத்தையும் வாழ்த்திவிட்டு எடுத்துவைத்துவிடுவார்கள்.

படி 8: நிறுவனத்துக்குக் கடிதம்

வகுப்பின் சார்பாக, பள்ளி முகவரியிலிருந்து, ஆசிரியர் பார்த்த பிறகு மட்டும். மாணவர்களின் தனிப்பட்ட விவரம் எதுவும் போகக் கூடாது. கண்டனக் கடிதம் வேண்டாம். பொட்டலத்தில் அந்த நிறுவனமே எழுதியிருப்பதைப் பற்றி ஒரு கேள்வி போதும். "மறுசுழற்சிக்கு உகந்தது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இந்த வகைப் பிளாஸ்டிக்கை யார் திரும்பப் பெறுகிறார்கள்?" என்பது போல. குறிப்பாக இருந்தால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

பதில் வந்தால் ஆறாம் படியின் நான்கு கேள்விகளையும் அதன்மேல் ஓட்டுங்கள். வராவிட்டால் அனுப்பிய தேதியையும் பதில் இல்லை என்பதையும் பதிவேட்டில் எழுதுங்கள், அதுவும் ஒரு முடிவுதான்.

படி 9: மதிப்பீடு

நிலைத்தன்மையின் வரையறையை எழுதுக என்று கேட்டால் மனப்பாடம்தான் வரும். மாணவர்கள் அதுவரை பார்த்திராத ஒரு விளம்பரத்தையோ அறிக்கைப் பத்தியையோ கொடுங்கள். அதில் சரிபார்க்கக்கூடிய கூற்று எது, சரிபார்க்க என்ன தகவல் வேண்டும், சொல்லாமல் விட்டது எது என்று கேளுங்கள். மூன்றாவதற்கு அதிக மதிப்பெண். கூடவே, அந்த நிறுவனத்தின் மேலாளர் இடத்தில் இருந்து ஒரு பதிலும் எழுதட்டும். நிறுவனத்தின் சிக்கலைப் புரிந்துகொண்டு எழுதுகிறார்களா என்பது அதில் தெரிந்துவிடும். திட்டித் தீர்த்தவருக்கும் புகழ்ந்து தள்ளியவருக்கும் ஒரே மதிப்பெண்தான், ஆதாரம் காட்டாவிட்டால்.

தணிக்கைப் பதிவேட்டையும் பதில் வராத கடிதங்களின் பட்டியலையும் ஆண்டு முடிவில் கீழ் வகுப்புக்கு ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு அதே குழாய், அதே 10 நிமிடம், அதே குவளை. குழாய் சரிசெய்யப்பட்டதா என்பதை அவர்கள் அளந்து எழுதட்டும்.